பாலம் இறங்குகிறது! நிலம் எவருக்கு?

1851ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் முதல் நாள். அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்திலே, சிரக்யூஸ் என்னும் நகரில், ஒருவரைக் கைது செய்தனர். அவர் திருடரல்லர்; கொலைகாரரல்லர். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று! 'நீ என் உடைமை' என்று கூறிய எசமானனிடமிருந்து தப்பி வந்து, மனிதனாக வாழ முற்பட்டார். வில்லியம் ஹென்றி என்பது அவர் பெயர். ஊரார் ஜெர்ரி என்றழைத்தனர். ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று 1850இல் இயற்றப்பட்ட சட்டம் அவர் கைக்கு விலங்கு பூட்டிற்று. சில திங்களுக்கு முன்னர்தான், அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் அந்நகருக்கே வந்து, அந்தச் சட்டம் இங்கும் செயல்பட்டே தீரும் என எச்சரித்துச் சென்றிருந்தார்.

ஊர் அஞ்சிற்றா? இல்லை. அன்றிரவே திரண்டது. காவற்கூடத்துக் கதவைத் தகர்த்தது. ஜெர்ரியை வெளியே கொணர்ந்து, சில நாள் மறைத்து வைத்து, கானடா நாட்டுக்கு அனுப்பி வைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து செய்த செயல் அது. சட்டம் வேறு, நீதி வேறு என்று கண்டுகொண்ட ஊர் சிரக்யூஸ்.

அதே ஊர்தான், ஒரு நூற்றாண்டு கழிந்தபின், தன்னுடைய கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கி, அதன் தலைமீது ஒரு நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தியது! இந்த முறை கதவை உடைக்க ஊர் திரளவில்லை. ஏன் திரளவில்லை? சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தபோது பதைத்த நெஞ்சம், அதே சங்கிலி 'நகர வளர்ச்சி' என்று பெயர் சூடி வந்தபோது கைதட்டி வரவேற்றதே, அது எப்படி?

தோழர்களே, அந்தக் கதையைத்தான் எழுத முற்பட்டேன். அது முடிந்துபோன கதையன்று என்பதனால்.

*

பதினைந்தாம் வட்டம் என்பது அந்தப் பகுதியின் பெயர். முதலில் யூத மக்கள் மிகுதியாக வாழ்ந்தனர். பின்னர், தெற்கு மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறினர். விரும்பிக் குடியேறினரா? வேறிடத்தில் வீடு தருவார் இல்லை! கூலி கொடுக்கும் கை வாடகைச் சீட்டைக் கொடுக்க மறுத்தது. ஆகவே நகரின் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே வட்டத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஆனால் வாழ்ந்தனர்! கோயில்கள் எழுப்பினர், கடைகள் வைத்தனர், சங்கங்கள் கூடினர். ஒரு தெருவின் பிள்ளை தவறு செய்தால் அடுத்த தெருவின் கிழவி கண்டிக்கும் உரிமை பெற்றிருந்த இடம் அது.

இந்த வட்டம் 'சேரி' ஆயிற்று. எப்படி ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1930களில், மத்திய அரசின் வீட்டுக்கடன் கழகம் அமெரிக்க நகரங்களின் வரைபடங்களை எடுத்து நான்கு நிறம் தீட்டிற்று: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பச்சை மிகச் சிறந்த இடம். சிவப்பு, கடன் கொடுத்தால் ஆபத்தான இடம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு மை! கடன் இல்லை என்றால் கூரையைச் செப்பனிட முடியாது. கூரை ஒழுகினால் வீடு சிதையும். வீடு சிதைந்தால், 'பார்த்தீரா, சேரி!' என்பர். சேரி என்று முத்திரை விழுந்தால் இடிக்கலாம். உடலில் நோயை ஊட்டிவிட்டு, நோயாளி என்பதனால் ஊரைவிட்டு விரட்டும் இந்தத் தந்திரத்துக்கு வரைபடமும் புள்ளிவிவரமும் துணை நின்றன. நால்வகை நிறத்தால் மனிதரைப் பிரித்தவர்கள் அங்கே பூணூல் அணிந்திருக்கவில்லை, கழுத்துப்பட்டை அணிந்திருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதியபோது, தீண்டப்படாதார் நிலைக்கும் அம்மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். அது வெறும் உபசாரச் சொல்லன்று.

1949இல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது: 'சேரிகளை' வாங்கி இடிக்க மத்திய அரசின் பணம் கிடைத்தது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது: 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள். செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும்! பத்து ரூபாய் போட்டால் தொண்ணூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றால் எந்த நகராட்சிதான் வேண்டாமென்னும்? புறநகரில் குடியேறிய வெள்ளையர் காரில் விரைந்து வந்து அலுவல் பார்த்து விரைந்து திரும்ப வழி வேண்டும். வழி எங்கே போடுவது? நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில், எதிர்ப்பவர்க்கு மன்றத்திலே குரல் இல்லாத இடத்தில்.

சிரக்யூசில் 81ஆம் எண் நெடுஞ்சாலை, 1.4 மைல் நீளத்துக்குத் தூண்களின் மேல், மேம்பாலமாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிழந்தனர். இடித்த இடங்களில் மருத்துவமனைக் கட்டடங்களும் அலுவலகங்களும், கார் நிறுத்துவதற்கென்று வெற்றுத் தரைகளும் முளைத்தன. எஞ்சியவர்கள், 1930களின் இறுதியில் ஏழைகளுக்கெனக் கட்டப்பட்ட பயனியர் குடியிருப்பில் இருந்தனர். அந்தக் குடியிருப்பின் சன்னலை ஒட்டியே பாலம் சென்றது. இரவும் பகலும் தலைமாட்டில் லாரிகளின் ஓசை; சுவாசத்திலே புகை.

'பொறியியலுக்கு நிறம் தெரியாது ஐயா, கோடு போன வழியில் சாலை போயிற்று' என்பார்க்கு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காட்டலாம். அங்கே இரண்டு மேம்பாலச் சாலைகளுக்குத் திட்டம் தீட்டினர். ஒன்று, பழம்பெருமை வாய்ந்த பிரெஞ்சு வட்டாரத்தின் ஆற்றங்கரையில். மற்றொன்று, கறுப்பின மக்களின் திரெமே பகுதியில், கிளைபோர்ன் பெருந்தெருவில். கிளைபோர்னின் நடுவிலே ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நிழலில் குழந்தைகள் விளையாடினர், திருவிழா ஊர்வலங்கள் சென்றன. 1966இல் மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாலையை எழுப்பிவிட்டனர். ஆற்றங்கரைச் சாலையோ? எதிர்ப்புக் குழுக்கள் கிளம்பின, வழக்கறிஞர்கள் வந்தனர், வாஷிங்டன் நகரம் செவிசாய்த்தது, 1969இல் திட்டமே கைவிடப்பட்டது. ஒரே நகரம். ஒரே காலம். ஒரே பொறியியல்!

சிரக்யூசில் எதிர்ப்பே இல்லாமற் போகவில்லை. 1963இல், பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் வைலி என்னும் கறுப்பின இளைஞரின் தலைமையில், இனச் சமத்துவப் பேரவையினர் இடிக்கும் களத்திற்கே சென்று மறியல் செய்தனர். மாணவர்களும் பேராசிரியர்களும் குடியிருப்போரும் அணிவகுத்தனர்; பலர் கைதாயினர். சோதனைக் குழாயோடு பழகிய கை மறியல் பலகை ஏந்தியது. 'எங்கே போவோம் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு இடியுங்கள்' என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம். இடிப்பு நிற்கவில்லை. வைலி பின்னர் அந்நகரைவிட்டுச் சென்று, ஏழைத் தாய்மார்களின் நல உதவி உரிமைக்கான நாடு தழுவிய அமைப்பை 1966இல் உருவாக்கினார்.

அந்தப் பாலத்தால் ஊர் வளர்ந்ததா என்று கேட்கலாம் அல்லவா? 1950இல் நகரின் மக்கள்தொகை 2,20,583. 2020இல் 1,48,620. வேகமாக உள்ளே வருவதற்குப் போட்ட சாலை, வேகமாக வெளியேறுவதற்கே பயன்பட்டது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாட்டின் நூறு பெருநகர்ப் பகுதிகளுள், கறுப்பின மக்களின் வறுமை ஒரே இடத்தில் மிக அதிகமாகக் குவிந்து கிடப்பது சிரக்யூசில்தான் என்று கண்டது.

*

பாலங்களுக்கும் மூப்பு உண்டு. ஐம்பது ஆண்டு கழிந்தால் கம்பி துருப்பிடிக்கிறது, காரை உதிர்கிறது. 2000க்குப் பின் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுந்தது: பழைய பாலத்தைப் புதுப்பிப்பதா, அடியோடு அகற்றுவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேளையில்தான், முன்னர் எவரும் கேளாத மற்றொரு கேள்வியும் சேர்ந்து வந்தது: முடிவு செய்வது யார்?

'மக்களைக் கலந்துகொண்டோம்' என்று சொல்லாத அரசு உண்டா? இந்தச் சொல்லை உரைகல்லில் உரசிப் பார்த்தவர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அம்மையார். அமெரிக்க அரசின் நகர்ப்புறத் துறையில் பணியாற்றியவர், உள்ளிருந்து பார்த்தவர். 1969இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தது. அடிப்படி இரண்டும் வெறும் ஏமாற்று: தலையாட்டப் பழக்குவதும், ஆத்திரம் தணிய ஆறுதல் கூறுவதும். அதன் மேல் அறிவிப்பது, கருத்துக் கேட்பது, ஓரிரு இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவது. இவை ஒப்புக்குச் செய்வன. மேலே உள்ள மூன்று படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது: கூட்டுப் பொறுப்பு, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், மக்களின் நேரடி ஆளுகை. எந்த நாட்டுக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த ஏணியை மனத்திலே எடுத்துச் செல்லலாம். கூட்டம் எந்தப் படியில் நடக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேல் படிகளில் ஏற முடியும் என்பதற்குச் சான்று சான்பிரான்சிஸ்கோ. அந்நகரின் மக்கள் 1950களிலேயே சாலை வெறியை எதிர்த்துக் கிளம்பினர். 1959இல் நகர மன்றம் பத்துத் திட்டங்களுள் ஏழை நீக்கியது. ஆயினும் முன்னரே தொடங்கிவிட்ட எம்பார்கடேரோ மேம்பாலம் கடற்கரையை மறைத்துக்கொண்டு நின்றது. 1986இல் அதனை அகற்றலாமா என்று வாக்கெடுத்தபோது, வேண்டாம் என்றனர் வாக்காளர். நாள்தோறும் 60,000க்கும் மேற்பட்ட கார்கள் போகும் பாலம். அகற்றினால் நகரமே திணறும் என்ற அச்சம்! 1989 அக்டோபரில் நிலம் நடுங்கியது. பாலம் விரிசல் கண்டது, மூடினர். நகரம் திணறியதா? இல்லை. சிலர் வேறு தெரு கண்டனர், சிலர் தொடர்வண்டி ஏறினர், சிலர் அந்தப் பயணமே தேவையில்லை என்று கண்டுகொண்டனர். கார் என்பது வெள்ளமன்று, அடைத்தால் கரை உடைவதற்கு! ஓட்டுபவன் மனிதன், வழி மாறினால் மனத்தை மாற்றிக்கொள்கிறான். நிபுணர்களின் ஆரூடத்தைவிட ஒரு நிலநடுக்கம் நல்ல ஆசிரியராக இருந்தது. 1991இல் இடித்தனர்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. சீனர் வட்டாரத்து வணிகர்கள் பாலத்தை இடிக்கக் கூடாதென்று கடுமையாகப் போராடினர். வாடிக்கையாளர் வரும் வழி அது. அவர்கள் பிழைப்பு அதில் இருந்தது. இடிக்க முடிவு செய்த மேயர் ஆர்ட் அக்னாஸ் அடுத்த தேர்தலில் தோற்றார். அவர்களின் சினம் அதற்கொரு காரணம். 'மக்கள்' என்று ஒருமையில் சொல்கிறோமே, அவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை ஆணவந்தான்.

அதே நகரில் ஹேய்ஸ் பள்ளத்தாக்கு என்னும் பகுதியினர், தங்கள் தலைக்கு மேலிருந்த மத்திய மேம்பாலத்துக்கு எதிராக நடத்திய போராட்டம் இன்னும் சுவையானது. 1997இல் நகரம் வாக்களித்தது: பாலத்தைக் கட்டுக! 1998இல் அப்பகுதியினர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டி மறுவாக்கெடுப்புக் கொண்டுவந்தனர்: கட்ட வேண்டாம், மரங்கள் நிறைந்த பெருந்தெரு போதும்! 1999இல் எதிர்த்தரப்பு மீண்டும் வந்தது; மீண்டும் தோற்றது. மூன்றாண்டில் மூன்று வாக்கெடுப்பு! முன்னின்றவர்களுள் ஒருவர் பட்ரீசியா வாக்கப் அம்மையார். அவர் பெயரைத் தாங்கிய சிறு பூங்கா அத்தெருவின் முடிவில் இருக்கிறது. 2005இல் ஆக்டேவியா பெருந்தெரு திறக்கப்பட்டது. பாலத்தின் கீழிருந்து விடுபட்ட நிலத்தில் எழும் வீடுகளுள் ஏறத்தாழப் பாதி எளியோர்க்கு என்றும் வகுத்தனர்.

வெற்றிதான். ஆயினும் அடுத்த காட்சியையும் பாருங்கள். பாலம் போனது, வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தோடு வாடகையும் ஏறியது! புகையும் ஓசையும் இருந்த காலத்தில் அங்கே வாழ முடிந்த கறுப்பினக் குடும்பங்கள் பல, தென்றலும் பூங்காவும் வந்த காலத்தில் வாழ இயலாமல் வெளியேறின. தெருவை மக்கள் வென்றனர். ஆனால் நிலத்தின் விலையை வெல்லவில்லை.

*

இந்தப் பாடத்தை நன்கு படித்தவர்கள் சிரக்யூசின் தெற்குப் பகுதியினர். அங்கே 2008 அளவில் ஆய்வு தொடங்கிற்று. மூன்று வழிகள் வைக்கப்பட்டன: பாலத்தைப் புதிதாகக் கட்டுவது, சுரங்கம் தோண்டுவது, பாலத்தை அகற்றி வண்டிகளை நகரின் தெருக்களிலே பகிர்ந்துவிடுவது. மூன்றாவதற்குச் 'சமுதாயத் தெருக்கட்டம்' என்று பெயர் சூட்டினர். கடந்து செல்லும் வண்டிகள் ஊரைச் சுற்றி வளைந்து செல்லும் 481ஆம் சாலையில் போகலாம்; பாலத்தில் ஓடுவனவற்றுள் அவை சிறுபகுதியே. புறநகர் ஊர்கள் சிலவும், நெடுஞ்சாலை வாணிகத்தை நம்பியிருந்தோரும் இதனை எதிர்த்தனர். 2019இல் மாநிலப் போக்குவரத்துத் துறை தெருக்கட்டமே தன் விருப்பம் என அறிவித்தது. 2021இல் முதல் அறிக்கை; ஆயிரக்கணக்கான பக்கங்கள்!

அந்தப் பக்கங்களின் மொழியைப்பற்றி ஒரு சொல். புரியாத மொழியில் மந்திரம் ஓதினால் பக்தி பெருகும் என்று நம்பவைத்த கூட்டத்தை நாம் அறிவோம். 'டெசிபல்', 'சேவைத் தரம்', 'உச்சநேரக் கொள்ளளவு' என்று அடுக்கி, கேட்பவன் வாயடைத்துத் தலையசைக்கும்படி செய்யும் அறிக்கையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பயனியர் குடியிருப்பில் வாழும் ஒரு தாய், பகல் முழுதும் உழைத்துவிட்டு, அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை எப்போது படிப்பார்? நியூயார்க் குடியுரிமைக் கழகம் இங்கே ஒரு நல்ல பணி செய்தது. 2020இலேயே, இந்தச் சாலையின் இனவெறி வரலாற்றையும் அகற்றும் பணியால் வரக்கூடிய தீங்குகளையும் எளிய நடையில் அறிக்கையாக வெளியிட்டு, குடியிருப்போரிடம் பேசி, அவர்கள் கேள்விகளைத் திரட்டியது.

திரண்ட கேள்விகளுள் ஒன்று மிகச் சிறியது. நெடுஞ்சாலை முடிந்து நகரத் தெரு தொடங்குமிடத்தில் ஒரு வட்டச் சந்திப்பு அமைக்க வரைபடம் வகுத்திருந்தது. அது எங்கே? மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கிய தொடக்கப் பள்ளியின் அருகே! நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் வேகம் குறைத்து, புகை கக்கி, வளைந்து செல்லும் வட்டம், ஏழைக் குழந்தைகள் விளையாடும் திடலின் பக்கத்திலே. கற்றறிந்த பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்த படம். அந்தப் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பும் தாய்க்கோ, ஒரு பார்வையில் தவறு தெரிந்துவிட்டது! குடியிருப்போரும் பெற்றோரும் எழுதினர், பேசினர், விடாமல் கேட்டனர். 2022இல் வெளிவந்த இறுதி அறிக்கையில் அந்த வட்டம் பள்ளியைவிட்டு நகர்ந்து, வான் பியூரன் தெருப் பக்கம் போயிருந்தது.

நான் இதனைப் பெரிதும் மதிக்கிறேன். கோடிக்கணக்கான டாலர் திட்டத்தில் ஒரு வட்டம் சற்றுத் தள்ளிப் போனது அற்பமென்று கருதுவோர் இருக்கலாம். அந்தப் பாலம் எழுந்த காலத்தில், ஒரு தூணை ஓரடி தள்ளி வைக்கும்படிச் சொல்லவும் அந்த வட்டத்தில் எவர்க்கும் உரிமை இருந்ததில்லை.

ஆனால் ஏணியின் உச்சிப்படி வேறு. பாலம் அகன்றால் பத்து ஏக்கருக்கும் குறையாத நிலம், நகரின் நடுவிலே, விடுபடும். ஒரு பக்கம் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும், மறுபக்கம் கடைவீதி. முதலாளிகளின் நாவில் நீர் ஊறும் இடம். அது எவர்க்கு? குடியிருப்போருடன் நின்றவர்கள் வைத்த கோரிக்கை: அந்த நிலத்தைச் சமுதாய நில அறக்கட்டளை ஒன்றின் கையில் ஒப்படைக்க வேண்டும். நிலம் என்றும் அறக்கட்டளையினுடையது. மேலே எழும் வீடு குடும்பத்தினுடையது. விற்றால் வரம்புக்குட்பட்ட விலைக்கே விற்கலாம். விலையேற்றம் மக்களை விரட்ட முடியாது. ஹேய்ஸ் பள்ளத்தாக்கு தவறவிட்ட இடத்திற்கு இது மருந்து.

இந்த ஏற்பாட்டின் வரலாறு நம் வாசகர்க்கு வியப்பூட்டும். 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்கள், குடியுரிமை இயக்கத்தில் பங்கேற்றதற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்டபோது, சார்லஸ் ஷெராட் முதலானோர் 'நியூ கம்யூனிடீஸ்' என்னும் அறக்கட்டளையை அமைத்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் வாங்கினர். இதனை வடிவமைத்தவர்கள் சான்றாகக் கொண்டவற்றுள் ஒன்று வினோபாவின் கிராமதானம்! தானம் கேட்டு நடந்து நிலச்சுவான்தாரின் மனத்தை உருக்கும் முறையை நம் இயக்கம் ஏற்றதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. கேட்பவன் கையேந்தியும் கொடுப்பவன் வள்ளலாகவும் நிற்கும்வரை நிலவுடைமை ஆட்டங்காணாது. ஜார்ஜியாவில் அவர்கள் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தானத்தைக் கழித்துவிட்டனர். கூட்டாக வாங்கினர், கூட்டாக ஆண்டனர். வறட்சியும் கடன் மறுப்பும் சேர்ந்து 1985இல் அந்நிலத்தைப் பறித்தன. ஆனால் முறை பிழைத்தது. பல நகரங்களுக்குப் பரவியது.

2022 மே திங்களில் சிரக்யூஸ் திட்டம் இறுதி ஒப்புதல் பெற்றது. 225 கோடி டாலர் செலவு. எதிர்ப்பாளர் வழக்காடினர், சிறிது காலம் தடையும் பெற்றனர். 2023இல் பணி தொடங்கியது. 2024இல் மேல்முறையீட்டு மன்றம் திட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முதலில் சுற்றுச்சாலையைச் செப்பம் செய்து, அதன் பின்னரே பாலத்தில் கை வைப்பது என்பது முறை. நாட்டின் தலைநகரிலோ காற்று திசை மாறியது. சாலைகளால் பிளவுபட்ட வட்டாரங்களை ஒட்டவைக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதே நோக்கில் மேலும் 300 கோடிக்கு மேல் ஒதுக்கியது. பின்னதில், ஒப்பந்தமாகாமல் எஞ்சிய பணத்தை 2025ஆம் ஆண்டுச் சட்டம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதற்கிடையே, பாலத்தை ஒட்டிய பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டவும் மத்திய அரசின் பணம் வந்தது, 2023இல், 5 கோடி டாலர். குடியிருப்போர் இப்போது வெளியேறி, கட்டி முடிந்ததும் திரும்பி வரலாம். அவர்களுக்கே முன்னுரிமை என்று உறுதி கூறப்பட்டிருக்கிறது. பயனியர் குடியிருப்பின் முதியவர்கள் அந்த உறுதியைத் தாளில் எழுதிக் காட்டும்படி கேட்டால் வியப்பதற்கில்லை. வீடிழப்போர்க்கு, அவர்கள் சக்திக்கேற்ற வாடகையில், பாதுகாப்பும் துப்புரவும் உள்ள வேறு வீடு தரப்படும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதியிருந்தது.